துண்டுக்குள்ள பேசினாலும் விலை தெரியும்



சொர்ணவாரி நெல்லுல இப்ப களை எடுப்பு ஓடிக்கிட்டு இருக்கு. கோனோவீடர் ஓட்டற விதம் பத்தி இந்த வாரம் எழுதறதாச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். நடுவுல ஒரு விஷயம் மனசை உறுத்திக்கிட்டே இருக்கு, அதை முதல்ல இறக்கி வச்சிடறேன். கம்ப்யூட்டர் கேம் விக்கிற கடைகள் நடத்தற தள்ளுபடித் திருவிழா பத்தின சமாச்சாரம். வயல்காட்டுக்காரனுக்கு இதுல என்ன வேலைன்னு தோணும். விக்கறதும் வாங்கறதும் எனக்கும் தொழில்தானே, அந்த உரிமையில எழுதறேன்.

எங்க அக்கா வீடு திருமுல்லைவாயில்ல. போன ஞாயித்துக்கிழமை ஒரு பை சிறுகீரை, கொஞ்சம் முருங்கைக்காய், பத்து கிலோ அரிசியோட திருவள்ளூர்ல லோக்கல் ரயில் ஏறிப் போனேன். அக்கா கல்யாணமாகி வந்த புதுசுல அந்த வீட்டு மொட்டை மாடியில நின்னா வயல் தெரியும். இப்ப பக்கத்து வீட்டுத் தண்ணி டேங்க்தான் தெரியுது. அக்கா மகன் பதினொண்ணாவது படிக்கிறான். சாப்பிட்டு முடிச்சதும், "மாமா, ஒரு கணக்கு புரியல, கொஞ்சம் பாக்கறீங்களா?"ன்னு கூப்பிட்டான். வட்டிக் கணக்கா இருக்கும்னு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உக்காந்தேன். அவன் காட்டினது ஒரு கேம் கடை. பேர் வேணாம்.

பையன் வாங்க நினைச்சது 'வெண்பா'ன்னு ஒரு விளையாட்டு. கனடாவுல டொரண்டோவுல இருக்கிற விசை கேம்ஸ்னு ஒரு சின்னக் குழு செஞ்சது, 2023 ஜூலை கடைசியில வந்தது. தமிழ்நாட்டுல இருந்து கனடாவுக்குக் குடிபோன ஒரு அம்மா, சமையல் வழியா மகனோட பேசப் பாக்கிற கதை. விளையாடறவங்க இட்லி ஊத்தணும், புட்டு அவிக்கணும். துப்பாக்கியே கிடையாது. 2024-ல பாஃப்டா விருதுல சிறந்த அறிமுக விளையாட்டுன்னு பரிசு வாங்குச்சு. பையனுக்குத் தமிழ்ல பேர் வச்ச கேம்னு ஒரு பெருமை. பாட்டி குடுத்தது, பொங்கலுக்கு வந்ததுன்னு சேத்து அறுநூறு ரூபா வச்சிருந்தான். தள்ளுபடி விலைக்கு அது போதும்.

ஆனா நேரா வாங்க விடல அந்தத் திருவிழா. தினம் உள்ள வந்தா ஒரு நாணயம். இத்தனை நாணயம் சேந்தா ஒரு சாவி. சாவி இருந்தா சக்கரம் சுத்தலாம். சக்கரத்துல கூப்பன் விழலாம், விழாமலும் போகலாம். கூப்பன் விழுந்தாலும் ஆயிரம் ரூபாய்க்கு மேல வாங்கினாத்தான் செல்லும். ஏற்கெனவே தள்ளுபடியில இருக்கிற கேமுக்குச் செல்லாது. இதெல்லாம் ஒரே இடத்துல எழுதியிருந்தாலும் பரவாயில்ல, நாலு பக்கம் தட்டித் தட்டிப் போனாத்தான் கிடைக்குது. மேல ஒரு கடிகாரம் பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கு. அது எந்த ஊர் நேரம்னு எங்கயும் போடல.

பையன் என்ன பண்ணியிருக்கான்னா, கூப்பன் கிடைச்சா வெண்பாவோட இன்னொண்ணும் வாங்கலாம்னு 199 ரூபாய்க்கு ஒரு சாவிக் கட்டு வாங்கிட்டான். அஞ்சு தடவை சுத்தினதுல அவன் பேருக்குப் பக்கத்துல மாட்டிக்க ஒரு தங்க நிறச் சட்டம், நாலு ஸ்டிக்கர். மிச்சக் காசுல வெண்பா வராது. அக்கா சமையல்கட்டுல இருந்தே, "காசோட அருமை தெரியல"ன்னு திட்டிக்கிட்டு இருந்தா. அவனுக்கு அது பெருசா உறைக்கல. என்கிட்ட மெதுவா, "நான்தான் சரியாப் படிக்கலையா மாமா? நான் முட்டாளா?"ன்னு கேட்டான். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. நானும் அவனும் சேந்து ஒன்றரை மணி நேரம் அந்த விதிகளைப் படிச்சோம். உரக்கடையில முப்பது வருஷமா பில்லு பாத்தவன் நான், எனக்கும் பிடிபடல. அதை அவன்கிட்டயே சொன்னேன்.

நம்ம மாட்டுச் சந்தையில ஒரு பழக்கம் உண்டு. தரகர் கையை ஒரு துண்டால மூடிக்குவாரு. உள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க. வேடிக்கை பாக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. டவுன்ல இருந்து வர்றவங்க இதைப் பாத்துட்டு ஏமாத்து வேலைன்னு நினைப்பாங்க. ஆனா பிடிக்கிற விரலுக்கும் பிடிபடற விரலுக்கும் தொகை தெளிவாத் தெரியும். மூணாவது ஆளுக்குத்தான் மறைப்பு. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல மறைமுக ஏலம்னு பேரு, வியாபாரிங்க விலையைச் சீட்டுல எழுதிப் பெட்டியில போடுவாங்க. பெட்டியைத் திறந்ததும் யார் என்ன விலை போட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். நான் பாத்த எந்த வியாபாரத்துலயும் காசு குடுக்கிறவன்கிட்டயே விலையை மறைச்சது கிடையாது.

பையன் சொல்லித்தான் இன்னொரு கதை தெரிஞ்சுது. அதைத் தேடிப் படிச்சதுல இருந்துதான் எனக்கு இந்த விஷயம் பெருசாப் பட்டுது. 2019-ல ஸ்டீம்னு ஒரு பெரிய கேம் கடை, ஜூன் 25-ல ஆரம்பிச்சு ஜூலை 9 வரைக்கும் கோடை விற்பனை நடத்துச்சு. கூடவே ஒரு கார் பந்தயம். ஆமை, முயல், பன்றி, கோர்கி நாய், காக்கட்டீல் பறவைன்னு அஞ்சு அணி. நீங்க ஒரு அணியில சேந்து புள்ளி எடுக்கணும். முன்னாடி வர்ற அணிகள்ல இருந்து குலுக்கல்ல சிலருக்கு, அவங்க 'விருப்பப் பட்டியல்'ல மேல வச்சிருக்கிற விளையாட்டு இலவசம். விதி தெளிவா இல்ல. பட்டியல்ல இருக்கிறதுல ஏதோ ஒண்ணு கிடைக்கும்போலன்னு நிறையப் பேர் நினைச்சுட்டாங்க. ஓசியில வர்றது விலை ஒசந்ததாவே வரட்டுமேன்னு, பட்டியல்ல இருந்த சின்னச் சின்ன, விலை குறைஞ்ச கேமையெல்லாம் அழிச்சுட்டாங்க.

அடி விழுந்தது ரெண்டு பேர், மூணு பேரா உக்காந்து கேம் செய்யறவங்களுக்கு. அந்தப் பட்டியல்ல ஒரு கேம் இருந்தாத்தான், அது வெளிவந்ததும் விலை குறைஞ்சதும் 'வந்துடுச்சு, வாங்க'ன்னு கடையில இருந்து தகவல் போகும். சின்னவங்களுக்கு விளம்பரம்னு இருக்கிறதே அதுதான். ஒரே நாள்ல பட்டியல்ல இருந்து எத்தனை பேர் கழண்டுக்கிட்டாங்கன்னு பல பேர் வரைபடம் போட்டுக் காட்டினாங்க. அப்புறம் கடையே குழப்பத்துக்கு வருத்தம் சொல்லி, பட்டியல்ல இருந்து எதையும் நீக்க வேண்டாம், மேல இருக்கிறதுதான் பரிசா வரும்னு விளக்கம் குடுத்துச்சு. அழிச்சவங்க எல்லாரும் திரும்பிப் போய்ச் சேப்பாங்களா என்ன?

இதைப் படிச்சதும் எனக்கு என் நோட்டுதான் ஞாபகம் வந்துச்சு. சம்பாவுல தூயமல்லியும் கருப்புக் கவுனியும் போடறேன்னு உங்களுக்குத் தெரியும். தை அறுப்பு முடிஞ்சதும் சொல்லுங்கன்னு அம்பத்தூர், ஆவடி, அண்ணாநகர்ல இருந்து பேர் குடுத்தவங்க ஒரு அறுபது பேர் அந்த நோட்டுல இருக்காங்க. அதை நம்பித்தான் எத்தனை ஏக்கர் கவுனி போடறதுன்னு முடிவு பண்றேன். நாளைக்கு ஒரு பெரிய கடை, 'நீங்க பேர் குடுத்து வச்சிருக்கிற அரிசியில ஒண்ணு பரிசு'ன்னு புரியாத மாதிரி ஒரு போட்டி வச்சு, உங்கள்ல நாப்பது பேர் பாஸ்மதி மட்டும் இருக்கட்டும்னு என் நோட்டுல இருந்து பேரை அடிச்சுட்டீங்கன்னு வைங்க. உங்க மேல தப்பில்ல. கடைக்காரனும் என்னைக் கெடுக்கணும்னு நினைச்சிருக்க மாட்டான். ஆனா வெதச்சவன் நான். குழப்பத்தோட செலவு யார் தலையில விடியுதுன்னு பாருங்க.

2019-ல நடந்தது யோசிக்காமச் செஞ்சதுன்னே வச்சுக்குவோம். எல்லாக் குழப்பமும் அப்படி இல்ல. ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தற எபிக் கேம்ஸ், பட்டன்களைக் குழப்பமா வச்சு வேண்டாததை வாங்க வச்சதுன்னு வந்த புகார்ல, விளையாடினவங்களுக்குத் திருப்பிக் குடுக்க 24.5 கோடி டாலர் கட்ட 2022 டிசம்பர்ல ஒத்துக்கிச்சு. அமெரிக்காவோட வர்த்தக ஆணையம் போட்ட வழக்கு அது. கென்ஷின் இம்பாக்ட் நடத்தற கம்பெனி மேலயும் அதே ஆணையம் போச்சு. காசை ஒரு கல்லா மாத்தி, அந்தக் கல்லை இன்னொரு கல்லா மாத்தி, நிஜத்துல எத்தனை டாலர் செலவாகுதுன்னே பிள்ளைங்களுக்குப் புரியாம வச்சிருந்தாங்கன்னு குற்றச்சாட்டு. 2025 ஜனவரியில 2 கோடி டாலருக்கு அது முடிஞ்சுது. நாணயம், சாவி, சக்கரம்னு எங்க பையன் சுத்தினதும் இதே தடம்தான்.

நம்ம நாட்டுலயும் விதி இருக்கு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல ஒரு வழிகாட்டுதல் குடுத்துச்சு. வாங்கறவங்களை ஏய்க்கிற பதிமூணு விதமான வேலையை அதுல பேர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்காங்க. பொய்யா அவசரம் காட்டறது, விலையைக் கொஞ்சம் கொஞ்சமா அவுத்து விடறது, ஒண்ணைக் காட்டி வேறொண்ணைத் தலையில கட்டறது எல்லாம் அதுல வருது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பையனையே பேச வச்சேன். புகார் பதிவாகியிருக்கு. 199 ரூபாய் வருமா வராதா, பாப்போம். அவன் குரல்ல கொஞ்சம் தெம்பு வந்துச்சு, அதுவே எனக்குப் போதும்.

உங்க வீட்டுலயும் இந்த வயசுப் பிள்ளைங்க இருப்பாங்க. கேமே வேணாம்னு போனைப் பிடுங்காதீங்க. சந்தைக்குக் கூட்டிட்டுப் போன பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லிக் குடுங்க. வேணுங்கிற பொருளை முதல்லயே ஒரு தாள்ல எழுதணும். மொத்தம் எத்தனை ரூபான்னு ரூபாயில தெரியாத எதுக்கும் காசு குடுக்கக் கூடாது. வாய்ப்பை வாங்கக் கூடாது, பொருளை வாங்கணும். போன வருஷம் இதே கேம் என்ன விலைக்குப் போச்சுன்னு பாக்க இணையத்துலயே வசதி இருக்காம், எனக்குக் காட்டினதே அவன்தான். தள்ளுபடி திரும்பவும் வரும், ஓடற கடிகாரத்தைப் பாத்துப் பதற வேண்டாம்.

சின்னவங்க செஞ்ச கேம் ஏதாவது உங்க விருப்பப் பட்டியல்ல இருந்தா, அதை அழிக்காம வச்சிருங்க. எங்கயோ ஒருத்தன் அந்த எண்ணிக்கையைப் பாத்துத்தான் அடுத்த போகத்தை முடிவு பண்ணிக்கிட்டு இருப்பான்.

என் நோட்டுல இருக்கிற அறுபது பேருக்கும் ஒரு சேதி. கவுனி, தூயமல்லி விலையை அறுப்பு முடிஞ்சதும் கிலோவுக்கு இத்தனைன்னு இங்கயே எழுதறேன். வண்டிக்கூலி தனியா வந்தா அதையும் பக்கத்துலயே போட்டுடறேன்.