திரையில் ஒரு வகுப்பறை

நகரத்தின் ஏழ்மை மிக்க பகுதியில் ஒரு பள்ளிக்கூடம், அடங்காத மாணவர்கள், புதிதாக வந்து சேரும் ஓர் ஆசிரியர். முதலில் அவமதிக்கப்படும் அவர், முடிவில் கண்ணீரோடு வாழ்த்தப்படுகிறார். மேனாட்டுத் திரைப்படங்கள் இக்கதையைச் சலியாமல் சொல்லி வந்திருக்கின்றன. 1955இல் 'பிளாக்போர்டு ஜங்கிள்' படத்தில் மாணவராக நடித்த சிட்னி பாய்ட்டியர், 1967இல் 'டு சார், வித் லவ்' படத்தில் கிழக்கு இலண்டன் ஆசிரியராகவே வந்தார்.

கல்வியால் உயரலாம் என்னும் நம்பிக்கையைத் தருவதால் இக்கதைகள் நம் நெஞ்சைத் தொடுகின்றன. ஆயினும், நல்லவர் ஒருவர் வந்துவிட்டால் போதும், யாவும் சீராகிவிடும் என்னும் எண்ணத்தையும் அவை விதைக்கின்றன அல்லவா?

1988இல் வெளிவந்த 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' உண்மைக் கதை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்கே, எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பயின்ற கார்ஃபீல்டு பள்ளியில் பொலிவியா நாட்டவரான ஜெய்மி எஸ்கலான்டே கணிதம் கற்பித்தார். 1982இல் அவருடைய மாணவர் 18 பேர் உயர்கணிதத் தேர்வில் தேறினர். தேர்வு நடத்தியோர் ஐயுற்றனர். மறுதேர்வு எழுதிய 12 பேரும் மீண்டும் தேறினர். ஆனால், சாதாரணக் கணக்கிலேயே தடுமாறிய பிள்ளைகள் விரைவில் அந்நிலையை எட்டிவிட்டதாகப் படம் காட்டுகிறது. எஸ்கலான்டே அப்பள்ளியில் சேர்ந்ததோ 1974இல். கீழ் வகுப்புகளிலிருந்தே அடித்தளமிட்ட ஆண்டுகளும், சக ஆசிரியரின் உழைப்பும், தலைமையாசிரியரின் துணையும் அவ்வெற்றிக்குப் பின்னே நின்றன. பொறுமையின் அந்த வரலாறு திரையில் சுருங்கிப் போயிற்று.

பாரிஸ் நகரப் பள்ளியொன்றைக் காட்டும் 'ஆந்த்ர் லே முர்' வேறு வகையானது. 2008இல் கான் திரைவிழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற இப்படத்தில், மூலநூலை எழுதிய முன்னாள் ஆசிரியர் பிரான்சுவா பெகொதோவே ஆசிரியராக நடித்தார். இவ்வாசிரியர் வெல்லவில்லை. அவர் வாய் தவறிய ஒரு சொல்லே பூசலுக்கு வித்தாகிறது. மாலி நாட்டுக் குடும்பத்து மாணவன் சுலைமான் ஒழுங்கு விசாரணைக்கு அழைக்கப்படுகிறான். உடன் வந்த தாய்க்குப் பிரெஞ்சு தெரியாது. தன் பிள்ளை நல்லவன் என்று அவர் தம் மொழியில் சொல்ல, குற்றஞ்சாட்டப்பட்ட அவனே அதை மொழிபெயர்க்கிறான். இறுதியில் பள்ளியிலிருந்து நீக்கப்படுகிறான்.

அந்தத் தாயை நாம் அறிவோம். பள்ளியின் மொழி தெரியாமல், கூப்பிட்டனுப்பிய நாளில் மட்டும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலில் ஒதுங்கி நிற்கும் தாய்மார் எல்லா ஊர்களிலும் உண்டு. அதிசய ஆசிரியர் வரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டுமா? படித்த அண்டைவீட்டார் ஒருவர் அன்று உடன் சென்று, அவர் சொல்வதை எடுத்துரைக்கலாம். பள்ளி சொல்வதை அவருக்கு விளக்கலாம். அந்தச் சுமையைப் பிள்ளையின் தலையில் ஏற்றாதிருப்போம்.