தாயத்தினுள் வராத மலை

வானொலி அலைகளைப் பற்றிக் கலைப்பீட மாணவன் ஒருவன் எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். புவியியலைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் எனக்கு மலை தெரியும், சரிவு தெரியும். மின்காந்த அலை தெரியாது. ஆயினும் அவ்வலைகளோடு எனக்கொரு பழைய வழக்குண்டு.

2021 ஆம் ஆண்டு, பெருந்தொற்றுக் காலத்தில் எமது விரிவுரைகள் இணையவழியே நிகழ்ந்தன. எங்கள் தோட்டத்து லயத்தில் அலை கிட்டாது. தேயிலை மலையின் உச்சியிலுள்ள பாறையில் ஏறினால் மட்டுமே கிட்டும். வாய்மொழித் தேர்வொன்று நடைபெற்ற அன்று கடும் மழை. பாறைக்குச் செல்லவியலாது லயத்து வாசலில் நின்றவாறே பேசினேன். மூன்றாவது வினாவுடன் தொடர்பு அறுந்தது. கைத்தொலைபேசியை நாலு விரற்கடை அப்பால் நகர்த்தியபோது ஒரு கணம் உயிர்பெற்றது, பின் அடங்கிவிட்டது. அப்பாடத்தில் எனக்குக் கிடைத்த புள்ளியை இங்கு கூறவேண்டியதில்லை. அந்த நாலு விரற்கடைதான் மனத்தை விட்டு அகலவில்லை.

அதன் காரணத்தைப் பின்னாளில் விளக்கியவன் பொறியியற் பீடத்து நண்பன். பல அன்ரெனாத் தொடர்பாடலில் அலைவழிகளுக்கு மாதிரியுரு அமைப்பது அவனது இறுதியாண்டு ஆய்வு. கோபுரத்திலிருந்து புறப்படும் அலை ஒரே வழியால் வருவதில்லை. சுவரிலே தெறித்தும், மரத்திலே சிதறியும், மலை விளிம்பிலே கோணலுற்றும் பல வழிகளால் வருகின்றது. ஓரிடத்தில் அவ்வலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும். அரை அலைநீளத்துக்குள்ளேயே ஒன்றையொன்று அழித்தும்விடும். 1800 மெகாஹேர்ட்சில் அரை அலைநீளம் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர். என்னுடைய நாலு விரற்கடை!

நெடுங்காலமாகப் பொறியியலாளர் இதனை ஒரு நோயாகவே கருதினர். 1990களின் நடுப்பகுதியில் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த தெலாத்தாரும் பொஸ்கினியும் அக்கருத்தைத் தலைகீழாக்கினர். அனுப்புமிடத்தில் நான்கு அன்ரெனாக்கள், பெறுமிடத்தில் நான்கு என வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சோடிக்கும் இடையிலான அலைவழியை ஓர் எண்ணாற் குறித்தால், 16 எண்கள் கொண்ட தாயம் ஒன்று கிடைக்கும். அவ்வெண்கள் ஒன்றையொன்று சாராதிருப்பின், அதே மீடிறனில் நான்கு செய்தியோடைகளை ஒருங்கே அனுப்பி, மறுமுனையிற் பிரித்தெடுக்கலாம். சிதறல் எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்கு நன்மை.

'சாராதிருப்பின்' என்ற அச்சொல்லில்தான் என் வழக்கு மீண்டும் தொடங்கியது. நண்பனின் கணினித்திரையில், அன்ரெனாக்கள் கூடக்கூட வளைகோடு அழகாக உயர்ந்து சென்றது.

"இதிலே மலை எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"மலையோ? எல்லாப் பக்கத்தாலையும் சமமா வருதெண்டு வைச்சுக்கொள்ளுவம், மச்சான்."

அவ்வாறு வைத்துக்கொள்வது அவனது சோம்பலன்று. 1968 இல் கிளார்க் முன்வைத்த மாதிரியுருவே அவ்வெடுகோளின் மீது நிற்பது. எனினும் எனக்குச் சினமே மூண்டது. திரையிலே உயர்ந்த அவ்வளைகோடு எந்த ஊருக்குரியது?

நூலகத்தில் தேடிய வேளையில் இன்னொரு செய்தி கண்ணிற்பட்டது. ரோக்கியோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாகனத்திற் சென்று அளந்த ஒக்குமுரா குழுவினர், 1968 இல் வெளியிட்ட வரைபுகளில் மலைக்கும் சரிவுக்கும் தனித்தனித் திருத்தங்கள் தந்திருந்தனர். 1980 இல் ஹட்டா அவ்வரைபுகளைச் சமன்பாடுகளாகச் சுருக்கினார். நகரம், புறநகர், திறந்தவெளி ஆகியன நிலைத்தன. நிலம் ஏறத்தாழச் சமமானது என்று கொள்ளப்பட்டது. கையாள எளிதானமையால் அச்சமன்பாடுகள் பெரிதும் பரவின. மலை இல்லாமற்போனது அறியாமையாலன்று, வசதியால். (புவியியலாளராகிய நாமும் சமவுயரக்கோடுகளுக்கு இடையே உள்ளவற்றை வசதியாக மறப்பவர்களே. ஆகையால் அதிகம் குறைகூற எனக்கு உரிமையில்லை.)

இவ்வெடுகோள்களின் எல்லையைத் துறையினரே காட்டியுமுள்ளனர். 2000 ஆம் ஆண்டில் பொஸ்கினியே வேறிருவருடன் சேர்ந்து 'திறப்புத் துவாரம்' என்ற நிலையை விவரித்தார். இரு முனைகளிலும் சிதறல் நிறைந்திருக்கலாம். இடையில் அலைகள் யாவும் ஒரு சிறு துவாரத்தினூடாகவே செல்ல நேர்ந்தால் பல ஓடைகள் ஓரோடையாக ஒடுங்கிவிடும். எண்கள் தனித்தனியே பார்க்கையில் தொடர்பற்றவையாகவே தோன்றும், தாயமோ உள்ளீடற்றிருக்கும்.

சென்ற விடுமுறையில் நண்பனை ஊருக்கு அழைத்துச் சென்றேன். பாறையிலேறியதும் தொலைவிலிருந்த கோபுரத்தைச் சுட்டிக்காட்டி அவன் சிரித்தான். நேரே தெரிவதால் அலை வலுவானது, ஆனால் இரண்டு அன்ரெனாக்களும் ஏறத்தாழ ஒன்றையே கேட்கும், ஓரோடைதான். கீழே லயத்தில், தகரக் கூரைகளுக்கிடையே தெறிப்பும் சிதறலும் வேண்டியமட்டும் உண்டு. மலையைத் தாண்டி வந்துசேரும் அலைக்குத்தான் வலுவில்லை. வழிகள் உள்ள இடத்தில் வலுவில்லை, வலு உள்ள இடத்தில் வழிகளில்லை.

சிறிது நேரம் பேசாதிருந்தவன் குறிப்பேட்டை விரித்து, "சரிவு எத்தனை பாகை?" என்று கேட்டான். சாய்வுமானியை எடுத்துக்கொண்டு இருவரும் தேயிலைச் செடிகளினூடே இறங்கினோம்.