யாரிடமிருந்து, எப்போது?

பிரிஸ்பேன்

அன்புள்ள விஜயா அக்காவுக்கு,

போனில் நீங்கள் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பக்கத்தில் மாமா உட்கார்ந்திருக்கிறார் என்பது உங்கள் குரலிலேயே தெரிந்தது. அதனால் எழுதுகிறேன். "பொம்பளப் பிள்ளைகளுக்கு ஊசி போடப் போறாங்களாம், அது அந்த மாதிரி நோய்க்காம்ல?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள். பாலுறவால் பரவுகிற கிருமிதான் அக்கா, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் 'அந்த மாதிரி நோய்' என்று நாம் சொல்லும்போது ஒரு தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது பாருங்கள், அது இந்தக் கிருமிக்குப் பொருந்தாது.

இங்கே எனக்குத் தெரிந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரி, நாற்பதைத் தாண்டியவள். பெயர் வேண்டாம். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் 25 முதல் 74 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை கருப்பை வாய்ச் சோதனை உண்டு. நாள் நெருங்கினால் அரசுப் பதிவேட்டிலிருந்து கடிதம் வரும். 2017 டிசம்பர் வரை இது 'பாப்' சோதனையாக இருந்தது. கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்து, அவை உருமாறியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இப்போது முதலில் தேடுவது, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி என்கிற வைரஸை. நீங்கள் கேட்ட ஊசியும் இதற்குத்தான். செல் கெடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆபத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் மருத்துவத்துக்கு இது பெரிய முன்னேற்றம். வீட்டுக்குள்தான் சிக்கல். பழைய சோதனை ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி மட்டும் பேசியது. புதியது இரண்டு பேரைப் பற்றிப் பேசுவதாக வீட்டில் இருப்பவர்களுக்குத் தோன்றிவிடுகிறது.

2022 ஜூலையிலிருந்து மாதிரியை நாமே எடுத்துக் கொடுக்கலாம். நம் பெண்களுக்கு இது எத்தனை நிம்மதி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையில் ஒரு நீளக் குச்சி கொடுப்பார்கள், நுனியில் பஞ்சு போல மெத்தென்று இருக்கும். திரைக்குப் பின்னால் போய், உள்ளே விட்டு, சில தடவை சுழற்றி எடுத்து, குழாயில் போட்டு மூடிக் கொடுத்தால் முடிந்தது. காலை விரித்துப் படுக்க வேண்டாம், யாரும் பார்க்க வேண்டாம். அவளும் அப்படித்தான் கொடுத்தாள். வைரஸ் இருக்கிறது என்று முடிவு வந்தது. 16, 18 என்ற மோசமான இரண்டு வகைகளும் இல்லை, வேறு வகை. செல்லையும் பார்க்க வேண்டும், டாக்டரிடம் வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். தாளை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். திரும்பி வந்தால், அது நாலாக மடித்து அவள் கைப்பைக்குள் செருகப்பட்டிருக்கிறது.

"அவர் ஒண்டும் கேக்கேல்லை அக்கா. அதுதான் பயமாக் கிடக்கு" என்றாள்.

டாக்டரிடம் துணைக்கு நானும் போனேன். அவள் கேட்டதெல்லாம் இதுதான்: யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது? இந்தச் சோதனைக்கு இரண்டுமே தெரியாது என்றார் டாக்டர். வேறு எந்தச் சோதனைக்கும் தெரியாதாம்.

ஏன் தெரியாது என்பது இந்தக் கிருமி பிழைக்கும் விதத்தில் இருக்கிறது. ஹெச்பிவியில் 200க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. கையில், காலில் மரு வருகிறதே, அதுவும் இந்தக் குடும்பம்தான். அவற்றில் ஏறக்குறைய 40 வகைகள் பிறப்புறுப்புப் பகுதியில் குடியேறுபவை. ஒரு டஜன் போல்தான் புற்றுநோய் வரை கொண்டுபோகக் கூடியவை. எய்ட்ஸ் கிருமி மாதிரி இது இரத்தத்தில் ஓடுவதில்லை. தோலிலும் உள்தோலிலும் மட்டுமே வாழும். உறவின்போது உராய்வில் கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்புகள் உண்டாகும் அல்லவா, அதன் வழியாக அடித்தட்டுச் செல்லுக்குள் நுழைந்துகொள்கிறது. அந்தச் செல் முதிர்ந்து மேலே வரவரக் கிருமியும் கூடவே பெருகும். தோலின் மேல்தட்டு தன்னால் உதிரும்போது அதோடு வெளியே வந்து அடுத்தவர் தோலில் ஒட்டும். செல்லை உடைத்துக்கொண்டு கிளம்புவதில்லை, அதனால் வீக்கமில்லை, வலியில்லை, காய்ச்சலில்லை. உடம்பின் காவல்படைக்குக்கூடச் சேதி போய்ச் சேரத் தாமதமாகிறது. கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

ஆணுறை காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். ஓரளவு காப்பாற்றும். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2006இல் வந்தது. ஒவ்வொரு முறையும் தவறாமல் ஆணுறை பயன்படுத்தியவர்களுக்குத் தொற்று 70 சதவீதம் குறைந்திருந்தது. மீதி எப்படி வந்தது? உறை மூடாத இடத்திலும் தோல் இருக்கிறதே! முழு உறவுகூட வேண்டியதில்லை, அந்தரங்கத் தோல் உரசினாலே போதும். வாய்வழி உறவாலும் வரும். தொண்டைப் புற்றுநோயில் ஒரு பகுதிக்கு இதுதான் காரணம், அங்கே அதிகம் மாட்டிக்கொள்பவர்கள் ஆண்கள். கழிப்பறை இருக்கை, நீச்சல்குளம் என்று நம் ஊரில் பழி போடுகிற இடங்களை விட்டுவிடலாம்.

இத்தனை எளிதாகப் பரவுவதால், பாலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்து போகிறது. 'போகிறது' என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பத்தில் ஒன்பது தொற்றுகள் இரண்டு ஆண்டுக்குள் தாமே அடங்கிவிடும். அடங்காமல் தங்கிவிடுவதுதான் ஆபத்து, அதுவும் புற்றாக மாறப் பொதுவாக 15, 20 ஆண்டுகள் எடுக்கும். இன்னொரு விஷயம், சோதனைக்கு எட்டாத அளவு ஒடுங்கிக் கிடந்துவிட்டு, பல வருடம் கழித்து, எதிர்ப்புச் சக்தி தளரும்போது மறுபடி தலைகாட்டவும் செய்யும். நாற்பத்தைந்து வயதில் தெரிய வருவது இருபத்தைந்தில் வந்ததாக இருக்கலாம். போன வருடம் வந்ததாகவும் இருக்கலாம். தாளில் தேதி இருக்காது.

ஆறுதலுக்காக உண்மையை மழுப்பவும் எனக்கு மனமில்லை. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் முதலும் கடைசியுமாக இருந்தால் இந்தக் கிருமி வர அநேகமாக வழியில்லை. இரண்டு பேரில் யாருக்காவது, எப்போதாவது, ஒரே ஒருவர் முன்னால் இருந்திருந்தால் போதும். தோழிக்கும் அவள் கணவருக்கும் கல்யாணத்துக்கு முன்னால் தனித்தனி நாடுகளில் தனித்தனி வாழ்க்கை இருந்தது. அதை அவள் விரிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் அவரும் டாக்டரிடம் போயிருக்கிறார். "எனக்கும் டெஸ்ட் எடுங்கோ" என்றாராம். ஆண்களுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட ஹெச்பிவி சோதனை கிடையாது என்று டாக்டர் சொல்ல, மனிதர் உட்கார்ந்தே போனாராம். குற்றவாளியா இல்லையா என்று தெரிந்துகொள்ளக்கூட வழியில்லாத நீதிமன்றம்! சேர்ந்து வாழ்கிற இருவர் இதற்குள் இதைப் பகிர்ந்துகொண்டிருப்பார்கள், இனிப் பிரிந்து படுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, அவர் செய்யவேண்டியது மனைவியை ஒரு வருடம் கழித்து மறக்காமல் சோதனைக்கு அனுப்புவதுதான் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருக்கிறார். அவளுடைய செல்களில் கோளாறில்லை என்று முடிவும் வந்துவிட்டது.

'ஒழுக்கமான பெண்ணுக்கு வராது' என்பதுதான் அக்கா, நம் ஊரில் பெண்களைக் கொல்கிற வாக்கியம். இதற்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1842இல் ரிகோனி ஸ்டெர்ன் என்கிற இத்தாலிய மருத்துவர் வெரோனா நகரத்து இறப்புப் பதிவுகளைப் புரட்டியபோது, கன்னியாஸ்திரிகளுக்குக் கருப்பைப் புற்றுநோய் அரிதாக இருப்பதைக் கண்டார். கல்யாணமானவர்களுக்குத்தான் அதிகம். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேலாக ஆராய்ச்சிக்காரர்கள் பெண்ணின் நடத்தையையே துருவிக்கொண்டிருந்தார்கள். 1983, 84இல் ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹௌசனின் குழு புற்றுக்கட்டிகளிலிருந்து 16, 18 வகைகளைப் பிரித்தெடுத்தபோதுதான் ஆள் யாரென்று பிடிபட்டது. அவருக்கு 2008இல் நோபல் கிடைத்தது. கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு அந்த இரண்டு வகைகளே காரணம்.

நடத்தையைத் துருவத்தான் வேண்டுமென்றால், 1993இல் வெளியான ஓர் இந்திய ஆய்வைச் சொல்வேன். வாழ்நாள் முழுவதும் கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களுடைய கணவர்களிடம் கேள்வி கேட்டார்கள். கல்யாணத்துக்கு முன்போ வெளியிலோ வேறு உறவு வைத்திருந்த ஆண்களின் மனைவிகளுக்குப் புற்றுநோய் அபாயம் கூடியிருந்தது. "எனக்கெதுக்குடி டெஸ்ட்டு, நான் அப்படியெல்லாம் கிடையாது" என்று போன தடவை சிரித்தீர்களே, அந்தப் பெண்களும் 'அப்படியெல்லாம் கிடையாது' அக்கா.

இப்போது ஊசிக்கு வருகிறேன். அது பிறந்தது எங்கள் ஊரில். கபா மைதானம் உங்கள் வீட்டுப் பையன்களுக்குத் தெரிந்திருக்கும். 2021 ஜனவரியில் நம் நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் முதல் டெஸ்ட் ஆடி ஜெயித்த இடம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பிரின்சஸ் அலெக்சாண்ட்ரா ஆஸ்பத்திரி. அந்த வளாகத்தில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துக்காக வேலை பார்த்த இருவர், ஸ்காட்லாந்திலிருந்து வந்த இயன் ஃப்ரேசரும் சீனாவிலிருந்து வந்த ஜியான் சௌவும். இருவருமே எங்களைப் போல வந்தேறிகள் என்பதில் எனக்கொரு அற்பப் பெருமை. ஹெச்பிவியை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது பெரும்பாடு. 1991இல் இவர்கள் அதன் வெளிப்புரதத்தை மட்டும் செய்வித்தபோது, அது தானாகவே கூடி வைரஸ் வடிவத்தில் நின்றது. பருப்பில்லாத கடலைத் தோடு மாதிரி, உள்ளே ஒன்றுமில்லை, அதனால் நோய் தராது. உடம்போ நிஜம் என்று நம்பி ஆயுதம் செய்துகொள்ளும். அதே காலத்தில் அமெரிக்கக் குழுக்களும் இதில் இறங்கியிருந்ததால் யார் முதலென்ற உரிமை வழக்கு பல வருடம் இழுத்தது. சௌ 1999இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே இறந்துபோனார். ஊசி சந்தைக்கு வந்தது 2006இல்.

2007இல் இங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே போட ஆரம்பித்தார்கள். இந்த ஊசி பிறப்புறுப்பு மரு உண்டாக்கும் 6, 11 வகைகளையும் தடுக்கும். புற்றுநோய் குறைகிறதா என்று பார்க்க இருபது வருடம் காத்திருக்க வேண்டும், மருவோ சில மாதங்களிலேயே வெளியே தெரியும். நாடெங்கும் பாலியல் நலக் கிளினிக்குகளுக்கு வந்த 21 வயதுக்குட்பட்ட பெண்களில் 2007இல் 11.5 சதவீதத்தினருக்கு மரு இருந்தது. 2011இல் அது 0.85 சதவீதம். எனக்கு வியப்பாக இருந்தது அடுத்த எண்தான். பெண்களோடு உறவுகொள்ளும் அதே வயது ஆண்களிடமும் 12.1 சதவீதம் 2.2 ஆகச் சரிந்திருந்தது. அந்தப் பையன்களுக்கு அப்போது ஊசியே போடவில்லை! பெண்ணிடம் இல்லாததை அவன் எங்கே போய் வாங்குவான்? ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடம் அந்தச் சரிவு இல்லை. கிருமி எந்தப் படுக்கையிலிருந்து எந்தப் படுக்கைக்கு நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் வரைந்து காட்ட முடியாது. 2013இலிருந்து பையன்களுக்கும் போடுகிறார்கள்.

2023இலிருந்து இங்கே ஒரே டோஸ்தான். அந்தத் துணிச்சலுக்கு ஆதாரம் தந்தவர்களில் நம் நாட்டுப் பெண்பிள்ளைகளும் உண்டு. இந்தியாவில் நடந்துகொண்டிருந்த ஓர் ஆய்வில் ஊசி போடுவது 2010இல் நிறுத்தப்பட்டதால் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு ஒரு டோஸோடு நின்றுபோனது. விடாமல் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது, 16, 18 வகைகள் உடம்பில் தங்குவதைத் தடுப்பதில் ஒரு டோஸும் இரண்டு, மூன்று டோஸ்களுக்குச் சமமாகவே நின்றது. இதற்கும் முன்னால், ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் நம் அம்பிளிக்கை ஆஸ்பத்திரிக்காரர்கள் திண்டுக்கல் கிராமங்களில் வீடு வீடாகப் பெண்களை அழைத்து வந்தார்களே, கருப்பை வாயில் வினிகர் திராவகம் தடவிப் பார்த்த அந்த முகாம்கள், அதன் முடிவு 2007இல் லான்செட் இதழில் வந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில் இந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. நீங்கள் அப்போதும் போயிருக்க மாட்டீர்கள்.

பேத்திக்கு ஊசி போடலாமா என்பதுதான் உங்கள் கேள்வி. போடுங்கள். பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் போடுவதாகத் தமிழ்நாடு அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. முறை வரும்போது தட்டிக்கழிக்காதீர்கள். 'இந்த வயசுல எதுக்கு' என்று மாமா கேட்டால், உறவு தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைந்துவிடும், ஏற்கெனவே நுழைந்த கிருமியை இது விரட்டாது, அதனால்தான் இந்த வயசு என்று சொல்லுங்கள். ஊசி போட்டவளுக்கும் பிற்பாடு சோதனை வேண்டும், எல்லா வகைகளையும் அது தடுப்பதில்லை.

உங்களுக்கு ஊசி வயது கடந்துவிட்டது, சோதனை வயது கடக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மாவிடம் கேட்டால் எந்தக் கிழமை என்று சொல்வார்கள். காசு கிடையாது, பத்து நிமிஷ வேலை. மாமாவிடம் சர்க்கரை டெஸ்ட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டாலும் சரி, அதையும் அங்கேயே பார்த்துவிடலாம். முடிவுத் தாளை வாட்ஸப்பில் எனக்கு அனுப்புங்கள். ஏதாவது புரியவில்லையென்றால் உங்கள் ஊர் ராத்திரி பத்து மணிக்குமேல் கூப்பிடாதீர்கள், இங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் தங்கை