ஐம்பத்தெட்டுக் கிணறுகள்

சாயங்காலம் ஆறு மணிக்கு என்னைத் தேடி வருகிறவர்களுக்காக என் மனைவி ஒரு பொய்யைத் தயாராக வைத்திருக்கிறாள். "உள்ளே எழுதிக்கொண்டிருக்கிறார்" என்பதுதான் அது. உண்மையில் அந்த நேரத்தில் நான் டெலிவிஷனுக்கு முன்னால் உட்கார்ந்து, கையில் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு, ஒரு வாலிபனை மலைமேல் ஏற்றிக்கொண்டிருப்பேன். அறுபதைத் தொடப் போகிற மனுஷன், நாலைந்து நாவல் எழுதியவன், வீடியோ கேம் ஆடுகிறான் என்று வெளியே தெரிந்தால் மரியாதை என்ன ஆகும் என்பது அவள் கவலை. மரியாதை போனால் போகட்டும் என்று இன்று சொல்லிவிடுகிறேன்.

பையன் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போனபோது விட்டுச் சென்ற சாமான் அது. தூசி தட்டப் போனவன் மாட்டிக்கொண்டேன். எல்லா விளையாட்டும் எனக்குப் பிடிக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். துப்பாக்கியால் சுடுகிறது, கார் ஓட்டுகிறது, இதிலெல்லாம் மனம் போவதில்லை. நடக்க வேண்டும். எதிரே ஒரு மேடு தெரிய வேண்டும். மேட்டுக்கு அப்பால் என்ன என்று தெரியக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று யோசித்துக்கொண்டே போனால், மன்னார்குடிக்குத் தெற்கே பாமணியாற்றங்கரையில் போய் நிற்கிறது.

எங்கள் ஊரில் தூரத்தை மைல் கணக்கில் சொல்லமாட்டார்கள். 'கூப்பிடு தூரம்' என்பார்கள். அம்மா கொல்லைப் படலில் நின்று கூப்பிட்டால் எது வரைக்கும் காதில் விழுமோ, அது வரைக்கும் என் ராஜ்யம். அதற்குள் எல்லாம் எனக்கு அத்துப்படி: எந்த வரப்பில் நண்டு வளை, எந்த மூங்கில் குத்தில் கீரி, மதகுக்குக் கீழே எந்தக் கல் காலை வைத்தால் ஆடும். ஆனால் அதற்கு அப்பால்தான் விஷயமே இருந்தது. இலுப்பைத் தோப்பைத் தாண்டினால் ஐயனார் கோயில், மண் குதிரைகள். அதற்கும் அப்பால்? "அதுக்கு அப்பாலயும் ஊருதான். பேசாம சாப்பிடு" என்பாள் அம்மா. நான் நம்பவில்லை. எட்டு வயதுப் பையன் எவனும் நம்பமாட்டான்.

ஊர்ச் சிவன் கோயில் மண்டபத்தில் ஒரு சுரங்கம் வேறு இருந்தது. தஞ்சாவூர் அரண்மனை வரைக்கும் போகிறது என்று சொல்வார்கள். (பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் யாராவது ஒருவர் ஒரு சுரங்கத்தைக் காட்டுவார்; எல்லாச் சுரங்கமும் அரண்மனைக்குத்தான் போகும்.) 1975-ஆம் வருஷக் கோடை விடுமுறையில் நாங்கள் மூன்று பேர் அரிக்கேன் விளக்கோடு இறங்கினோம். பதினொரு படி. பன்னிரண்டாவது படியில் என்னவோ படபடவென்று முகத்தில் அடித்தது. விளக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தோம். வௌவாலாகத்தான் இருக்க வேண்டும். உடைந்த விளக்குக்காக அப்பாவிடம் வாங்கியதை இங்கே எழுத வேண்டியதில்லை. பன்னிரண்டாவது படிக்குக் கீழே என்ன என்பதுதான் இன்றைக்கும் என்னை விட்டபாடில்லை.

ஜப்பானிலும் இப்படி ஒரு பையன் இருந்திருக்கிறான். கியோட்டோவுக்கு வடமேற்கே சோனொபே என்று ஒரு சிற்றூர். 1952-இல் பிறந்த ஷிகெரு மியாமோட்டோ அங்கேதான் வளர்ந்தார். வயலும் காடுமாகச் சுற்றிக்கொண்டிருந்தவர் ஒருநாள் ஒரு குகை வாயைப் பார்த்தாராம். பார்த்தவுடன் நுழைந்துவிடவில்லை. தயங்கித் தயங்கி, பிறகுதான் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாராம். வளர்ந்து, 1977-இல் நிண்டெண்டோ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். 1889-இல் சீட்டுக்கட்டு செய்வதற்காகக் கியோட்டோவில் ஆரம்பித்த கம்பெனி அது. அங்கே தேஸுகா என்ற சகாவோடு சேர்ந்து அவர் 1986-இல் கொண்டுவந்த விளையாட்டுத்தான் 'செல்டா'. ஆட்டம் தொடங்கியதும் ஒரு சிறுவன் வெட்டவெளியில் தன்னந்தனியாக நிற்கிறான். மூன்று பக்கம் வழி. ஒரு பக்கமாகக் கறுப்பாய் ஒரு குகை வாய். இங்கே போ, அங்கே போ என்று சொல்ல ஆள் கிடையாது. துணிந்து குகைக்குள் போனால் ஒரு கிழவர் கத்தி தருவார். பயந்துகொண்டு வேறு வழியே போனால் வெறுங்கையோடு திரிய வேண்டியதுதான்.

அவர் உள்ளே போனார். நான் ஓடி வந்தேன். ஆகையால் அவர் விளையாட்டைச் செய்தார், நான் ஆடுகிறேன்.

அந்த வரிசையில் 2017-இல் வந்த ஒன்றும், அதே நிலப்பரப்பில் 2023-இல் வந்த இன்னொன்றும்தான் என் சாயங்காலங்களைத் தின்றுகொண்டிருக்கின்றன. முந்தியதை இயக்கிய ஃபுஜிபயாஷி, ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் எத்தனை தூரம் வைக்கலாம் என்று பார்ப்பதற்காகத் தமக்குப் பழக்கமான கியோட்டோவின் வரைபடத்தை அந்தக் கற்பனை நிலத்தின்மேல் பொருத்திப் பார்த்தாராம். இதைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கால் அறிந்த தூரம் அது. அதனால்தான் நடந்தால் நடந்த மாதிரி இருக்கிறது.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் அடித்தது. எங்கள் கொல்லையில் பதினான்கு தென்னை, மிஞ்சியது இரண்டு. வீட்டு ஓடெல்லாம் தெருவில் கிடந்தது. இலுப்பைத் தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வந்தேன். மறு வருஷம் வீட்டையும் கொல்லையையும் விற்றாயிற்று. விலை பேசி முடித்த பிறகுதான் அவளிடம் சொன்னேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கிணத்தை மூடிட மாட்டானே?"

"மாட்டான்மா" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

பிறகு மூன்றாவது மாடி. முழங்கால் வலி. லிப்டு இருக்கிறது, இறங்கி எங்கே போவது? அவள் குரல் எட்டுகிற தூரத்துக்குள் சமையலறையும் நானும்தான் இருந்தோம்.

நான் ஆடும்போது பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து அவள் பார்க்கிறாள் என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒருநாள் மழை. விளையாட்டில்தான். மழை பெய்தால் அங்கே பாறை வழுக்கும். நாலடி ஏறினால் மூன்றடி சறுக்கும். நான் விடாமல் ஏற்றிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"மழை நிக்கட்டும் தம்பி. பாசி வழுக்கும்."

இலுப்பை மரத்தடியில் நின்றுகொண்டு சொன்ன அதே குரல். நான் இறங்கி ஒரு பாறை இடுக்கில் ஒதுங்கினேன். இரண்டு பேரும் மழை விடுகிற வரைக்கும் காத்திருந்தோம்.

அன்றிலிருந்து அம்மாதான் எஜமானி. சண்டை போட்டால் பிடிக்காது. "அவன் பாட்டுக்கு இருக்கான், நீ ஏன் போறே?" என்பாள். காளான் பறித்தால், நல்ல காளானா என்று பார்க்கச் சொல்வாள். விறகுக்காக நான் ஒரு பச்சை மரத்தைச் சாய்த்த அன்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

2023-ஆம் வருஷத்து விளையாட்டில் ஊர் ஊராகக் கிணறுகள் இருக்கின்றன. மொத்தம் 58. உள்ளே இறங்கிப் பார்க்கலாம். ஒரு பெண் கிணற்றுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, நாம் கண்டுபிடித்த கிணறு ஒவ்வொன்றுக்கும் பத்து நாணயம் கொடுப்பாள். (நாணயத்துக்கு நம் ரூபாயின் இங்கிலீஷ் பெயரையே வைத்திருக்கிறார்கள்.) கதைப்படி நாங்கள் காணாமல் போன இளவரசியைத் தேட வேண்டும். அம்மாவுக்கு இளவரசி வேண்டாம், கிணறுதான் வேண்டும். ஆகவே இளவரசி காத்திருக்கிறாள். நாங்கள் கிணறு தேடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடாகக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டு வைக்கிறாள். "தண்ணி எத்தனை ஆழம்?" என்று கேட்பாள். "இடுப்பளவு" என்றால், "கோடையா இருக்கும்" என்பாள்.

2024-இல் ஒரு கல்யாணத்துக்காக மன்னார்குடி போனவன், பஸ் ஏறி ஊரையும் பார்த்துவிட்டு வந்தேன். கிணறு இருந்த இடத்தில் சிமெண்டுத் தளம். அதன்மேல் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஆழ்குழாய் போட்டுவிட்டார்களாம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. விலை கொடுத்து வாங்கியவர்கள். வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள் என்று மட்டும் அம்மாவிடம் வந்து சொன்னேன். அது வாஸ்தவம்தான்.

சென்ற வாரம் நாற்பத்து மூன்றாவது கிணறு அகப்பட்டது. பாழாய்ப் போன ஒரு கிராமம். குட்டிச்சுவர்களுக்கு நடுவில் கிணறு. குதித்தேன். அரையிருட்டு. கீழே தண்ணீர்.

அம்மா வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம கிணத்துக்குப் பதினெட்டு உறை" என்றாள்.

"ம்."

"மூடிட்டானுவோ, இல்லே?"

நான் திரும்பவில்லை. வாலிபன் கிணற்றுக்குள் நின்றுகொண்டிருந்தான். நான் பொத்தானைத் தொடாவிட்டால் அவன் நின்றுகொண்டேதான் இருப்பான்.

"ஆமாம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு பென்சில் தாளில் கீறுவது கேட்டது.

"நாப்பத்து மூணு" என்றாள். "மேலே ஏறி வா. இருட்டிக்கிட்டு வருது."