பொன் விளைந்த பல்லாரற்

அவுஸ்திரேலியாவில் மெல்பேணுக்கு மேற்கே ஏறத்தாழ 70 மைல் தொலைவிலுள்ளது பல்லாரற் நகரம். 1851ஆம் ஆண்டு இங்கே பொன் கண்டெடுக்கப்பட்டதும் நாலா திசையிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். அக்காலத் தெருக்களை மீள அமைத்து 1970இல் திறந்த சொவறின் ஹில் என்னும் திறந்தவெளி நூதனசாலையில் நாம் ஒரு பகலைக் கழித்தோம். ஓடை மணலைத் தட்டிலிட்டு அலசியும் பார்த்தோம். முதுகு நொந்ததே மிச்சம்!

அன்றைய தொழிலாளரோ, பொன் கிட்டினும் கிட்டாவிடினும் உரிமவரி இறுக்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் அது மாதம் 30 சிலிங். பொறுமையிழந்தோர் 1854 டிசம்பர் 3ஆம் நாள் யூரேக்கா அரணில் படையினரோடு பொருதனர். 20 பேருக்கு மேல் மடிந்தனர். தலைவர் பீற்றர் லாலர் ஒரு கையை இழந்தார். ஆயினும் மறு ஆண்டே சட்டசபை புகுந்தார்.

அதே 1855இல்தான், வந்திறங்கும் சீனர் ஒவ்வொருவருக்கும் 10 பவுண் தலைவரி விதித்தது விக்ரோறியா. அதற்குத் தப்ப அவர்கள் தென் அவுஸ்திரேலியாவின் றோப் துறையில் இறங்கி, 200 மைலுக்கு மேல் கால்நடையாகவே வந்தனர். உரிமவரியை எதிர்த்து எழுந்த குரல் இவ்வரியை எதிர்த்து அவ்வாறு எழவில்லை. சீனர் கூடாரங்களின் முன் நாம் நெடுநேரம் நின்றோம். செவ்வங்கிச் சிப்பாய்களின் அணிவகுப்பைக் காணத் திரண்ட கூட்டத்தில் ஒருவரேனும் அப்பக்கம் வரவில்லை.