தாட்பூட் பழக்கொடியின் லேப் ரிப்போர்ட்

வீட்டு மாடியில தாட்பூட் பழக்கொடி வச்சிருக்கீங்களா? கடையில பேஷன் ஃப்ரூட்னு விக்கிறாங்களே, அதேதான். இலை மஞ்சளாச்சுன்னா முதல்ல என்ன செய்வீங்க? உரக்கடைக்குப் போய் ஏதோ ஒரு பாக்கெட் வாங்கி வந்து கொட்டுவீங்க. சோர்வா இருக்குன்னு மருந்துக்கடையில சத்து மாத்திரை கேக்கிற மாதிரி. ரெண்டுமே எனக்குப் பிடிக்காத பழக்கம். ஏன்னு கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க.

கீழ்ப்பழனி மலைப்பக்கம் இருந்து ஒரு ஐயா என்கிட்ட ரத்த அழுத்தத்துக்கும் கிட்னிக்கும் மருந்து எடுக்கிறார். தாட்பூட் பழத் தோட்டம் வச்சிருக்கார். ஒரு நாள் ரத்த ரிப்போர்ட்டோட இன்னொரு தாளையும் நீட்டினார். "இதையும் பாத்துடுங்க டாக்டர், இதுவும் லேப் ரிப்போர்ட்தானே?" அது அவருடைய கொடியின் இலைப் பரிசோதனை அறிக்கை! பொட்டாசியம் 4.9 சதவீதம், மெக்னீசியம் 0.18 சதவீதம். கையோட ரெண்டு இலையும் கொண்டு வந்திருந்தார். நரம்பு மட்டும் பச்சை, இடையில எல்லாம் மஞ்சள்.

"புது இலையா, பழைய இலையாங்க ஐயா?"ன்னு கேட்டேன். பழசுன்னார்.

இந்தக் கேள்வி முக்கியம். தழைச்சத்து, பொட்டாசியம், மெக்னீசியம் இதெல்லாம் செடிக்குள் நகரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து பிடுங்கிப் புதுத் தளிருக்குக் கொடுக்கும். அதனால் பழைய இலைதான் முதலில் வாடும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து, போரான் அப்படி எளிதில் நகராது. அவை குறைந்தால் தளிரில் தெரியும். இதே நரம்புப் பச்சை புது இலையில் இருந்திருந்தால் நான் இரும்பைச் சந்தேகப்பட்டிருப்பேன்.

ஆனால் கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாது. கண்ணிமையை இழுத்துப் பார்த்து ரத்தசோகைன்னு சந்தேகப்படலாம், ஹீமோகுளோபின் பார்த்துத்தான் உறுதி செய்யணும். இலைக்கும் அப்படித்தான். கழுவி, காயவைத்து, பொடியாக்கி, அமிலத்தில் கரைத்து அளப்பார்கள். தழைச்சத்தை அளக்கும் முறை 1883-ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலை ஆய்வுக்கூடத்தில் யோஹான் கெல்டால் உருவாக்கியது. பொட்டாசியத்தை அளக்கும் ஃப்ளேம் போட்டோமீட்டர் ஒரு காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரி லேபிலும் இருந்த கருவிதான்.

சரி, ஐயாவின் தோட்டத்தில் என்ன நடந்தது? காய் சின்னதா இருக்குன்னு பொட்டாஷ் போட்டார். இலை மஞ்சளானதும் இன்னும் போட்டார். அவரை முட்டாள்னு நினைக்காதீங்க. இந்தக் கொடி உண்மையிலேயே பெருந்தீனிக்காரன். 1973-ல் பிரேசிலில் மஞ்சள் ரகத்தில் அளந்த கணக்குப்படி, சுமார் ஒரு வருஷத்தில் ஒரு ஹெக்டேர் கொடி எடுத்துக்கொண்டது 205 கிலோ தழைச்சத்து, 184 கிலோ பொட்டாசியம், 152 கிலோ கால்சியம். மெக்னீசியம் வெறும் 14 கிலோ. அந்த 14 கிலோவைத்தான் யாரும் கண்டுக்கிறதில்ல. பொட்டாஷை அளவுக்கு மீறிக் கொட்டினால், வேர் மெக்னீசியம் எடுப்பதையே அது தடுக்கும். மருந்தே நோயை வளர்த்த கதை. காசும் போச்சு, இலையும் போச்சு.

இப்ப அவருடைய ரத்த ரிப்போர்ட்டுக்கு வருவோம். பொட்டாசியம் 5.8. நார்மல் 5-க்குள் இருக்கணும். விசாரிச்சா, விக்காத பழத்தை வீணாக்க மனசில்லாம தினமும் ரெண்டு டம்ளர் ஜூஸ். 100 கிராம் தாட்பூட் சதையில் சுமார் 350 மில்லிகிராம் பொட்டாசியம், வாழைப்பழத்துக்குச் சமம். நல்ல கிட்னிக்கு இது பெரிய விஷயமில்லை. இவர் கிட்னி பாதிக்கப்பட்டவர், கூடவே டெல்மிசார்டான் மாத்திரை, அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும். இன்னும் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். மாத்திரையை மாத்தி, ஜூஸை நிறுத்தினேன். தோட்டக்கலை அதிகாரி அந்த வாரமே பொட்டாஷை நிறுத்திட்டு மெக்னீசியம் சல்பேட் தெளிக்கச் சொன்னார். பிரசவ வார்டில் கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் நாங்க போடுறதும் அதே உப்புதான். (அதுக்காக உரக்கடை உப்பை யாரும் வாயில போட்டுடாதீங்க.)

இலை ரிப்போர்ட் எடுக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. எந்த இலை, எப்போ எடுத்ததுன்னு தெரியாம எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பொட்டாசியம் 3.5 முதல் 4.5 சதவீதம் இருக்கணும்னு ஒரு அட்டவணை சொல்லும், 2 முதல் 3 போதும்னு இன்னொண்ணு சொல்லும். நுனியிலிருந்து மூணாவது நாலாவது இலை, வெயில் படுற கிளையில், பல கொடிகளிலிருந்து எடுக்கணும். காய் நிறைய பிடிச்ச நேரத்தில் பொட்டாசியம் காய்க்குப் போயிடும், இலையில் குறைவாகக் காட்டும். சாப்பிடுறதுக்கு முன்னாடி சர்க்கரை, பின்னாடி சர்க்கரைன்னு நாங்க பிரிச்சுக் கேக்கிறோம்ல, அதுமாதிரி.

இன்னொரு பொறி: வளர்ச்சியே நின்னுபோன கொடியில் சத்தின் அளவு சரியாகவே காட்டலாம். சின்ன இலைக்குள் அடர்ந்து கிடக்கும், அவ்வளவுதான். டெங்குவில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிஞ்சு ஹீமோகுளோபின் உயர்ந்து தெரியுமே, அந்த மாதிரி. எண்ணைப் பார்த்துட்டு நோயாளியைப் பார்க்காம விட்டா ரெண்டு இடத்திலயும் ஏமாந்துடுவோம்.

"நல்லா பூக்குது, காய்க்கல, என்ன உரம் போடலாம்?"னு கேக்கிறவங்களுக்கு: மஞ்சள் ரகமா இருந்து, ஒத்தைக் கொடி மட்டும் வச்சிருந்தா, உரமே வேண்டாம். தன் மகரந்தத்தில் அது காய்க்காது. வேற கொடியின் மகரந்தம் வேணும், அதைக் கொண்டு வர மரக்கட்டையைத் துளைக்கிற பெரிய கறுப்பு வண்டு வேணும். வண்டு வரலைன்னா மதியம் பூ விரிஞ்சதும் நீங்களே தொட்டு வைங்க. அதே கொடியிலிருந்து வெட்டி நட்ட பதியன் துணைக்கு ஆகாது.

மூணு வாரத்தில் ஐயாவின் பொட்டாசியம் 4.8-க்கு இறங்கிடுச்சு. கொடி அவ்வளவு சீக்கிரம் காட்டாது. புது இலை வந்து முதிரணும். அடுத்த இலை ரிப்போர்ட்டோட வரேன்னு சொல்லியிருக்கார். ஜூஸ் பத்தியும் அப்பவே பேசிக்கலாமாம்.