ஆசீர் என்னும் உதை

கடந்த தவக்காலத்தில் ஒரு மாலை, மறைக்கல்வி முடிந்தபின் ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் நம் பங்கு இளைஞர் சிலர் கூடியிருந்தனர். கோவையில் பொறியியல் பயிலும் ஒருவன், கைப்பேசியில் கண்டு பழகிய கப்போயிரா ஆட்டத்தைச் செய்து காட்டினான். காலை நேரே நீட்டி, எதிரில் நின்றவன் மார்பருகே நிறுத்தினான். “இந்த உதைக்குப் பேரு பென்சாவோ. ஆசீர்வாதம்னு அர்த்தமுங்க சாமி” என்றான். நமக்குச் சுருக்கென்றது; கடிந்துகொண்டோம். பிறகுதான் தேடிப் படித்தோம்.

பிரேசிலில் ஆப்பிரிக்க அடிமைகளிடையே வளர்ந்த கலை அது. சுற்றி நிற்போர் பாட, வில் போன்ற பெரிம்பாவு ஒலிக்க, நடுவே இருவர் ஆடுவர். அங்கே பேசுவது கால்தான். கை தரையில் ஊன்ற, உடல் சுழல, குதிகால் பிறைபோல் வளைந்து வரும். மற்றவன் அதைத் தடுப்பதில்லை; குனிந்து வழிவிட்டு, அக்குனிவிலிருந்தே தன் உதையைத் தொடங்குகிறான். உதை பெரும்பாலும் மேலே படுவதில்லை. படக்கூடிய இடத்தில் நிறுத்திக் காட்டுபவனே தேர்ந்தவன். (கையில் விலங்கிருந்ததால் காலால் பொருதினர் என்பது அழகிய கதை, சான்றில்லை.) நம் குமரி மாவட்டத்து அடிமுறையிலும் உதை உண்டு, ஆயினும் அது நடனத்துள் ஒளிந்துகொள்வதில்லை.

நம் மறைமாவட்டம் உருவான 1886-இல் அங்கே அடிமைமுறை இருந்தது, 1888-இல்தான் ஒழிந்தது. 1890-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டமோ தெருவில் கப்போயிரா ஆடியோரைச் சிறைக்கு அனுப்பியது. 1932-இல் மெஸ்த்ரே பிம்பா சால்வதோரில் பள்ளி தொடங்கினார். 2014-இல் யுனெஸ்கோ அதனை மானுட மரபாக ஏற்றது.

எசமானிடம் ஆசி கேட்டு நிற்பது அவ்வடிமைகளின் வழக்கம். துறவற சபைகளும் அடிமைகளை வைத்திருந்தன. பெனடிக்டின் துறவியர் 1871-இல்தான் தம்மிடமிருந்தோரை விடுவித்தனர். ஆசி வழங்கிய கை எத்தகையது என்பதை அறிந்தவனே அவ்வுதைக்குப் பெயரிட்டிருப்பான் என்று நமக்குத் தோன்றியது. இளைஞனிடம் நாம் காட்டிய சினம் அப்போது நம்மையே சுட்டது.

கொங்கு நாட்டில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவைக் கடந்த கால்களை நாம் சிறுவயதில் கண்டிருக்கிறோம். அவ்வாண்டுப் பெரிய வியாழனன்று பாதம் கழுவ அமர்ந்த பன்னிருவரில், முன்பு ஒரு தோட்டத்தில் படியாளாய் இருந்த முதியவர் ஒருவர். நாம் மண்டியிட்டதும் காலை உள்ளிழுத்துக்கொண்டார். “வேண்டாமுங்க சாமி” என்றார். அந்த இளைஞன்தான் அருகே தண்ணீர்ச் செம்புடன் நின்றான். பாடகர் குழு பாட்டை மறுபடியும் முதலிலிருந்து எடுத்தது. நாம் எழவில்லை. வெகுநேரம் கழித்து, வெடிப்பேறிய அந்தக் கால் மெல்ல முன்னே வந்தது.